கழுநீர்த் தொட்டி

பெங்களூர்
24.1.1971

அன்புள்ள திரௌபதிக்கு,

ஊரிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஜோலார்பேட்டையில் வண்டி மாறும்போது பையின் வார் அறுந்துபோனது, வேறு சேதமில்லை. மறுநாளே சூளையில் வேலைக்குப் போய்விட்டேன்.

ஒரு நல்ல சேதி. சித்திரையில் எனக்குக் குவார்ட்டர்ஸ் தருவதாக மேஸ்திரி சொன்னார். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, குழாய் உள்ளேயே இருக்கிறது. நீ வந்துவிட்டால் நானும் மனுசனாக இருப்பேன். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் நாம் சேர்ந்திருந்ததெல்லாம் லீவு நாள்கள்தானே.

பொங்கலுக்கு வந்தபோதே சொல்ல நினைத்தேன், உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பிளாக் ஆபீசில் வெள்ளைப் பன்றி கொடுத்தார்கள் என்பதற்காக நம் சனத்தில் யாரும் செய்யாத வேலையை நீ செய்கிறாய். அண்ணன் மகள் வாசுகியைப் பெண் பார்க்க வந்தவர்கள் உன் பன்றிக் கொட்டிலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்களாம். அண்ணனுக்கு அது பெரிய தலைகுனிவு. ஏதோ அந்தச் சம்பந்தம் கைகூடிவிட்டது. கல்யாணத்துக்குள் ஒரு வழி பண்ணு. கோழி எத்தனை வேண்டுமானாலும் வளர், யார் கேட்கப்போகிறார்கள்?

நான் கட்டாயப்படுத்தவில்லை. யோசித்துச் செய்.

உன் அன்புக் கணவன்
கலியமூர்த்தி


செராமிக் கம்பெனி பின்புறம், விருத்தாசலம்
15.2.1971

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க லெட்டருக்குப் பதில் எழுதலாம்னு இன்லண்டு வாங்கி வெச்சிருந்தேன். இப்ப எழுத வேண்டிய சேதி வேறயா ஆயிடுச்சு. வெள்ளச்சி செத்துப்போச்சு.

இன்னைக்குக் காலையில கம்பெனி கேன்டீனுக்குப் போயி மிச்சச் சோறும் கழுநீரும் வண்டியில வெச்சித் தள்ளிக்கிட்டு வந்தேன். வண்டிச் சத்தம் கேட்டா கொட்டில்ல நின்னு உறுமும். சத்தமே இல்ல. கிட்டப் போயிப் பார்த்தா வாயில நுரை தள்ளி, காலை ஒதைச்சுக்கிட்டுக் கெடக்குது. தொட்டியில நான் ஊத்தாத கஞ்சி கெடந்துது. மோந்து பார்த்தேன். உங்க அண்ணன் கடலைக்கு அடிக்கிற பூச்சிமருந்து வாடை.

புளியைக் கரைச்சு ஊத்தினேன். சோப்புத் தண்ணி ஊத்தினேன். ஒண்ணும் எடுபடல. மடியில பால் எறங்கியிருந்துது மாமா, குட்டி போடற சமயம். அது அடங்கினப்புறமும் வயிறு மட்டும் அசைஞ்சுக்கிட்டு இருந்துது. அந்த அசைவு நிக்கிற வரைக்கும் மேல கையை வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

உங்க அண்ணன் வேலிக்கு அந்தாண்ட நின்னு பல்லு வெளக்கிக்கிட்டிருந்தாரு. "என்னம்மா, போயிடுச்சா? சரி வுடு. பீடை ஒழிஞ்சுது, இனிமேலாச்சும் வூடு வூடா இருக்கும்"னாரு. நான் செத்துப்போச்சுன்னு அவருகிட்ட சொல்லவே இல்ல.

கறிக்குக் கேட்டு ரெண்டு பேரு வந்தாங்க. மருந்து தின்னது, வேணாம்னு அனுப்பிட்டேன். மண்ணு எடுத்த பள்ளத்துல நானே இழுத்துப் போட்டுப் பொதைச்சேன்.

உங்க அண்ணன் மாதிரியேதான் நானும் அந்த வேலிக்குப் பக்கத்துல குடியிருக்கேன். எங்கப்பா எனக்கு எழுதிக்குடுத்த மனை இது. நீங்க அவரைக் கேக்கணும். நீங்க கேக்கலைன்னா நான் கேப்பேன். நான் கேக்கறது வாயால இருக்காது.

உங்கள்
திரௌபதி


பெங்களூர்
23.2.1971

அன்புள்ள திரௌபதிக்கு,

உன் கடிதம் படித்து மனசு கஷ்டப்பட்டது. ஆசையாக வளர்த்தது, வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அண்ணன் வைத்ததை நீ கண்ணால் பார்த்தாயா? பூச்சிமருந்து இன்று எந்தக் குடியானவன் வீட்டில் இல்லை? எங்கப்பா போனபிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவரைப் போய் நான் எப்படிக் கேட்பேன்?

போனதைப் பற்றிப் பேசிப் பலனில்லை. உனக்கும் ஒரு சுமை குறைந்தது என்று நினைத்துக்கொள். சித்திரையில் குவார்ட்டர்ஸ் சாவி கைக்கு வந்துவிடும். கோழிகளை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டு வா. இங்கே சினிமாக் கொட்டகை நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. பொறுமையாக இரு. எனக்காக.

உன்
கலியமூர்த்தி


விருத்தாசலம்
2.5.1971

மாமாவுக்கு,

குவார்ட்டர்ஸ் கெடைச்சதுல சந்தோசம். நான் இப்ப வர்றதுக்கில்ல. இங்க கொஞ்சம் வேலை இருந்துது, அது முடிஞ்சுபோச்சு. அதைத்தான் எழுதறேன்.

பங்குனியில மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரு கோழிக்கு ஊசி போட வந்தாரு. வெயில் ஏறினா வெள்ளைக் கழிச்சல் வந்துடும், முன்னாடியே போட்டுக்கணும்னாரு. நான் ஒண்ணொண்ணாப் புடிச்சுக் குடுத்தேன், அவரு றெக்கையில குத்திக் குத்தி வுட்டாரு. குப்பியில மருந்து பாதிக்கு மேல மீந்துபோச்சு. "ஒடைச்ச மருந்து, வெச்சிருந்தா கெட்டுடும். பக்கத்து வூட்டுல கோழி இருக்குதாம்மா?"ன்னு கேட்டாரு.

உங்க அண்ணி பூவாயி அக்கா கோழிங்க மண்ணுப் பள்ளத்துக்கு அந்தாண்ட மேய்ஞ்சுக்கிட்டிருந்துது. வாசுகி கல்யாணத்துல மூணாம் நாள் கறிச்சோத்துக்குன்னு குருணை போட்டு ஒரு கூட்டமே வளர்த்தாங்க.

"இல்லீங்க, அவங்க எல்லாத்தையும் சந்தைக்கு அனுப்பிட்டாங்க"ன்னேன்.

அவரு மருந்தைச் சாக்கடையில ஊத்திட்டு சைக்கிள்ல ஏறிப் போயிட்டாரு.

போன வாரம் கழிச்சல் வந்துது. அக்கா வூட்டுல ஒரு கோழி தலையைச் சாய்ச்சுது. அப்புறம் கூடைக்கூடையா அள்ளிக் கொட்டினாங்க. உங்க அண்ணன் வேலிக்கு இந்தாண்ட எட்டிப் பார்த்தாரு. எங்கோழிங்க குப்பையைக் கிளறிக்கிட்டிருந்துது. "உன்னுதுக்கு மட்டும் எப்படிம்மா ஒண்ணும் ஆவல?"ன்னு கேட்டாரு. நானும் பல்லு வெளக்கிக்கிட்டே சொன்னேன். "சரி வுடுங்க. இனிமேலாச்சும் வூடு வூடா இருக்கும்."

அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

திரௌபதி


பெங்களூர்
9.5.1971

திரௌபதிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், நீ எழுதியதுதானா என்று. அண்ணன் மேல் கோபமென்றால் அண்ணி உனக்கு என்ன செய்தார்? உனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தவர் அவர். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, அவர் இப்போது கோழிக்கு எங்கே போவார்? பழிவாங்குகிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது?

இந்த ஒரு விசயத்தில் நான் சொல்வதை நீ கேட்கத்தான் வேண்டும். அண்ணியிடம் போ. நடந்ததை உன் வாயாலேயே சொல்லி மன்னிப்புக் கேள். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் இருப்பது மனுசத்தன்மை இல்லை. கல்யாணத்துக்கு வருகிறேன், நேரில் பேசுவோம்.

கலியமூர்த்தி


விருத்தாசலம்
17.5.1971

கலியமூர்த்திக்கு,

இப்பத்தான் மொத தடவையா உங்களைப் பேர் சொல்லி எழுதறேன். கை கூசல.

நீங்க சொன்னபடி பூவாயி அக்காகிட்ட போனேன். அம்மியில மொளவா அரைச்சுக்கிட்டிருந்தாங்க. கம்பவுண்டரு வந்தது, நான் பொய் சொன்னது, எல்லாத்தையும் சொன்னேன். எழுந்து வந்து கன்னத்துல அறைஞ்சாங்க. மொளவா கை, எரிஞ்சுது. வாங்கிக்கிட்டேன்.

அப்புறம் அவங்களே கீழ உக்காந்துட்டாங்க. "என் வயித்துல ஏண்டி அடிச்ச? எம்புருசன் கையால ஊத்தினாருன்னா, உம்புருசன் வாயால சொல்லித்தானடி ஊத்தினாரு"ன்னாங்க.

நான் நம்பல. அவங்க அழுதுக்கிட்டே சொன்னாங்க. பொங்கல் லீவு முடிஞ்சி நீங்க கெளம்பினப்ப, உங்க அண்ணனும் அவங்களும் ஜங்சன் வரைக்கும் வந்தாங்களே. நீங்க ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு உங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களாம். "சொன்னா கேக்க மாட்டா. நான் போனப்புறம் தொட்டியில எதையாச்சும் ஊத்தி முடிச்சுடுங்க. அது இல்லாம போனாத்தான் என்கூட வருவா. சமாதானத்தை நான் லெட்டர்ல எழுதிக்கறேன்." அக்கா பக்கத்துல நின்னு கேட்டிருக்காங்க. என்கிட்ட சொல்ல வாய் வரலயாம்.

சமாதானம் நல்லாத்தான் எழுதினீங்க. உங்க அண்ணன் ஒரே ஒரு நாள் ஊத்தினாரு. நீங்க ஒவ்வொரு லெட்டர்லயும் ஊத்தி அனுப்பியிருக்கீங்க, நானும் வாடை தெரியாமயே பதில் எழுதியிருக்கேன்.

எங்கோழி அத்தனையும் வாசுகி கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன். அது அக்காவுக்கு நான் செய்ய வேண்டியது. உங்களுக்குச் செய்ய வேண்டியது தனியா இருக்குது.

கல்யாணத்துக்கு வந்து சேருங்க. கறிச்சோறு ஆக்கறதும் பரிமாறறதும் நான்தான்.

திரௌபதி


பெங்களூர்
7.6.1971

திரௌபதிக்கு,

அண்ணி சொன்னது பொய் என்று எழுதலாம் என்று நினைத்தேன். நீ பரிமாறியபிறகு அப்படி எழுத என்னால் முடியவில்லை.

கல்யாணத்தன்று நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிட, மற்றவர்களிடம் சிரித்துப் பேசினாய். மூன்றாம் நாள் கறிச்சோற்றுப் பந்தியில் சம்பந்தி வீட்டார் எதிரில் இருந்தார்கள். அண்ணனும் நானும் பக்கத்தில் பக்கத்தில். நீ வாளியோடு வந்தாய். எல்லார் இலையிலும் போட்டமாதிரிதான் என் இலையிலும் போட்டாய். ஒரே வாளி, ஒரே கரண்டி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அங்கேயே நின்றுவிட்டாய்.

"சாப்பிடுங்க" என்றாய்.

அண்ணன் அதற்குள் பாதி சாப்பிட்டிருந்தார். "சாப்பிடுடா, நல்லா இருக்குது" என்று வாயில் சோற்றோடு சொன்னார். நான் சோற்றைப் பிசைந்தேன். கவளமாகப் பிடித்தேன். வாய்வரைக்கும் கை போகவில்லை. நீ அதில் எதுவும் போட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சனமே அதைத்தானே சாப்பிடுகிறது. தெரிந்தும் கை போகவில்லை. சம்பந்தி கேட்டார், "என்ன, சின்னவரு சாப்பிடலியா?" என்று. பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"அவருக்கு வேணாமாங்க" என்று நீதான் பதில் சொன்னாய். என்னைப் பார்த்து "எழுந்திருங்க" என்றாய். எழுந்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் இடத்தில் நீ உட்கார்ந்தாய். என் இலையில், நான் பிசைந்து வைத்த சோற்றை, எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சி, நிதானமாகச் சாப்பிட்டாய். பொம்பளைகள் உன்னை மெச்சிக்கொண்டார்கள், புருசன் இலையில் சாப்பிடுகிறாள் என்று. நான் உன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். முடித்ததும் இலையை மடித்து எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாய்.

அன்று மாலையே ஜங்சனுக்கு வந்துவிட்டேன். பசி காதை அடைத்தது. பிளாட்பாரத்தில் இட்லிப் பொட்டலம் வாங்கிப் பிரித்தேன். யாரோ முன்பின் தெரியாத ஆள் கட்டிக்கொடுத்தது. அப்படியும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தேன். இங்கே மெஸ்ஸிலும் அப்படித்தான் ஆகிவிட்டது.

ஒரு வரி எழுது.

கலியமூர்த்தி