ஆறு பேர் நோட்டு

பதுளை,
1922, கார்த்திகை மாதம்.

சௌபாக்கியவதியான உனக்கு,

இங்கே மழை விடவில்லை. ரயில் பாதைக்கு வெட்டிய இடமெல்லாம் மண் சரிகிறது. ஊருக்குப் போய்விடலாம் என்று நீ அழுதபோது, பாதை முடியட்டும் என்றேன். நீ தனியாக ஊருக்குப் போய் மூன்று வருடம். பாதை முடியவில்லை. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

சென்னையில் இன்ஜினீயரிங் படித்த நாங்கள் ஆறு பேரும் ஒரு நோட்டைத் தபாலில் சுற்றவிடுவோமே, நினைவிருக்கிறதா? வந்தவன் ஒரு பக்கம் எழுதி அடுத்தவனுக்கு அனுப்ப வேண்டும். இறந்தவனுக்கு ஒரு பக்கத்தை வெறுமையாக விடுவோம்.

ஆறு பேரில் என்னோடு மிஞ்சியிருந்த வேதகிரிக்குப் போன மாதம் அனுப்பியது நேற்றுத் திரும்பி வந்தது. அவனும் போய்விட்டானாம். ஐந்து வெறும் பக்கங்களைத் தள்ளி, மறுபடி நானே எழுதினேன்.

அளவுச் சங்கிலி பிடிக்கும் அழகர் நோட்டைத் தபாலில் சேர்க்கக் காத்திருந்தான்.

“அடுத்து யாருக்குங்க அனுப்பணும்?”

“நாளைக்கு வா” என்றேன்.

இதோ, வந்து நிற்கிறான். நோட்டோடு இந்தக் கடிதத்தையும் வைத்து, உன் விலாசத்தை எழுதிவிட்டேன். திட்டி எழுதினாலும் சரி. வெறும் பக்கமாக மட்டும் திருப்பி அனுப்பாதே.

இன்னமும்
உன்னுடையவன்.