மணமகனாக என் பெயர் முரசறையப்பட்டது குறித்து

மழை தவறாதிருக்க, களஞ்சியம் நிறைந்திருக்க. நீர்மலை நாட்டுக் குடிகளைத் தம் உயிரெனப் புரக்கும் பேரரசர் வேள்நம்பியார் திருமுன்பு, செங்கழனி நாட்டு மன்னர் திருவேலரின் தலைமை அமைச்சன் கீரன் சாத்தன், வயது அறுபத்தொன்று, பேரன் பேத்திகள் உடையவன், தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை.

தங்கள் குமாரர் இளநம்பியாருக்கென நிச்சயித்த எங்கள் இளவரசி நறுங்கோதையாரை நான் மணக்கவிருப்பதாக ஊர்தோறும் முரசறையப்பட்டதையும், அது கேட்டுத் தாங்கள் எல்லையில் படை நிறுத்தியதையும் அறிந்தேன். அச்செய்தி பொய். அதனை இயற்றிய பேதை நானே.

எங்கள் அரண்மனைக்குக் கணிப்பொறி ஒன்று வந்தது. இம்மணச் செய்தியை ஊர்தோறும் முரசறைவோர்க்கு அதன்வழி அனுப்ப, பொறிக்குரிய கட்டளைத் தொடராகிய நிரல் எழுத வல்லாரை அமர்த்துவோம் என்று மன்னர் கூற, சில நாள் பயின்ற செருக்கில், அடியேனே எழுதுவேன் என்றேன். ‘மணமகன்’ என்னும் பெயரில், மதிப்பை இட்டுவைக்கும் பேழை போன்ற மாறி ஒன்று அமைத்து, அதனுள் தங்கள் குமாரர் பெயரை இட்டேன். பின்னர், அறிவிப்பு அழகாக வருகிறதா என்று பார்க்க, அதே மாறியில் விளையாட்டாக என் பெயரை இட்டேன். முன்பெயர் அடியில் பத்திரமாக இருக்கும், வேண்டும்போது மேலெழும் என நம்பி, அப்படியே அனுப்பக் கட்டளையிட்டேன். மாறி ஒரு நேரத்தில் ஒன்றையே தாங்கும். பின்வந்தது முன்னதை அழித்துவிடும். அந்தப் பாடம் நடந்தபோது நான் உறங்கியிருந்தேன்.

முப்பது வயதைக் கடந்தவரை ஏற்காதே என்றும் பொறிக்கு விதித்திருந்தேன். ஆயினும் என் வயதை எண்ணாக இடாமல் எழுத்தால் எழுதினேன். பொறிக்கு எண் வேறு, சொல் வேறு. சொல்லை முப்பதோடு ஒப்பிட அறியாமல் அது என்னை இளைஞனென விடுத்தது. ஊர்ப் பட்டியலை மட்டும் முதல் ஊர் தொட்டுக் கடைசி ஊர்வரை ஒன்று விடாமல் படித்துச் செய்தி அனுப்பியது. என் நிரலில் பழுதின்றி நடந்தது அதுவொன்றே.

முரசு கேட்ட என் மனைவி நாகையார், “புது மாப்பிள்ளைக்கு இனிமே எந்த வீட்டுல சோறாம்?” என்று கேட்டுவிட்டுத் தம் தமையன் வீடு சென்றார். இளவரசியாரோ அவையில் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின், யார் பெயரை இட்டாலும் தம்மை ஒருவரும் கேட்கவில்லையே என்று மெல்ல உரைத்தார். அவை தலை குனிந்தது. இம்மணத்தைப் பேசி முடித்தவன் நான். எனக்கும் அது தோன்றியதில்லை.

ஆதலின் எம் மன்னர் வேண்டுவது: படை திரும்புக, இளநம்பியார் விருந்தினராக வருக. இளவரசியார் அவரோடு பேசித் தம் விருப்பத்தைத் தாமே உரைப்பார். அது எதுவாயினும் இரு நாடும் ஏற்கட்டும்.

இவ்வோலையை எடுத்துவரத் தூதர் எவரும் உடன்படாமையால், நானே வருகிறேன். எல்லையில் கைத்தடி ஊன்றி நொண்டி வரும் கிழவனைக் கண்டால், அவனே அந்த மணமகன் எனத் தெளிந்து, சிரித்து முடித்தபின் வழிவிடுமாறு தங்கள் வீரர்க்குக் கட்டளையிட்டருள்க.

மன்னர் திருவேலர் ஆணைப்படி, நாரை முத்திரை இடப்பட்டது.