அண்ணியின் கடைசி அத்தியாயம்

ஜூன் 4, 1979, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. வெயில் இன்னும் குறையவில்லை. நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்புக் கரும்பலகை வெளுத்துக் கிடக்கிறது, கேட்பார் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் தொடர்கதை, அத். 21. அவர் கையெழுத்து பத்திரிகை ஆபீசில் யாருக்கும் புரியாது. அதனால் ஐந்து வருடமாக நகல் எடுப்பது நான். அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு முடியாது என்று சொல்ல வாய் வராது.

கதாநாயகி கோமதி ஆடி மாதத்தில் பருத்தி எடுக்கிறாள். ஆடியில் விதைப்பார்கள். தை என்று மாற்றினேன். ‘மண்ணை அறிந்த எழுத்து’ என்று இதற்கும் கடிதம் வரும். பதினெட்டு வருடமாக அரியலூரில் இருக்கிறார், செருப்பில்லாமல் மண்ணில் கால் வைத்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 6, புதன்

பெரம்பலூர் மாதர் சங்கத்திலிருந்து மூன்று பேர். அண்ணிக்குப் பாராட்டு விழாவாம்.

“உங்க கதைய படிச்சிட்டு எங்க வூட்ல எல்லாரும் அழுதுட்டோங்க.” இது செயலாளர் அம்மா.

“நான் எங்கங்க எழுதுறேன். அதுவா வருது.” இது அண்ணி.

காபியும் அதுவாக வந்தது என்று நினைத்திருப்பார்கள். டம்ளரை எடுக்கப் போனபோது என்னைக் காட்டி, “நாத்தனார் சரோஜா. பாவம், புருஷன் வுட்டுட்டுப் போயிட்டாரு. எங்களோடதான் இருக்கு” என்றார்.

பாவம்!

ஜூன் 9, சனி

அத். 22. கடைசி. பாதியில் கை நின்றுவிட்டது.

கோமதியின் புருஷன் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். மழை. வாசலில் நிற்கிறான். அது என் வாசல். வரதராஜன்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீடு, உடைந்த படி, விட்டுப்போய்த் திரும்பி வந்த அந்த ஆள் கையில் மஞ்சள் பை, ஒன்று விடாமல். எப்போதோ அடுப்படியில் அண்ணியிடம் மட்டும் சொன்னது.

கோமதி காலில் விழுந்து அழுகிறாள். ‘நீங்கள் வந்ததே போதும்’ என்கிறாள்.

நான் விழவில்லை. “ஸ்கூலுக்கு நேரமாச்சு, நகருங்க” என்றேன். குடையை எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் வந்தபோது ஆள் இல்லை. இதையும் அண்ணியிடம் சொல்லித்தான் இருந்தேன். கதைக்கு உதவாது போல.

அழுகையைத் தூக்கிவிட்டு நடந்ததை எழுதினேன். எட்டு வரி. உடனே தபாலில் போட்டுவிட்டேன், மனசு மாறுவதற்குள்.

ஜூன் 10, ஞாயிறு

பயம். தெரிந்தால் அண்ணன் வீட்டில் இருக்க விடமாட்டார். எங்கே போவது? துணி துவைத்தேன். பட்டன் இரண்டு தைத்தேன்.

ஜூன் 22, வெள்ளி

பத்திரிகை வந்தது. எட்டு வரியும் அப்படியே இருக்கின்றன. அண்ணி புரட்டினார். “கோமதிக்கு மூக்க இப்படியா வரைவான்?” வேறு ஒரு வார்த்தை இல்லை. தன் கதையைத் தானே படிக்காத எழுத்தாளர்.

ஜூலை 1, ஞாயிறு

பெரம்பலூர் விழா. ஃபேன் ஓடவில்லை. மைக் இரைச்சல். அண்ணிக்குப் பட்டுப் புடவை, சால்வை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்த எட்டு வரியை வாசித்தார். கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. முன் வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அண்ணி மைக்கில்: “அத எழுதுறப்ப எனக்குக் கை நடுங்குச்சு.”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். “முடிவு நல்லாத்தான் வந்திருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சரோ.”

“எப்பத் தெரியும் அண்ணி?”

“புத்தகம் வந்த அன்னிக்கே. அண்ணன்கிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருக்காத.”

வெட்கம் என்பது துளியும் இல்லை. வெட்கம் எனக்குத்தான். கூட்டம் அமைதியானபோது பூரித்துப் போனேனே, இவர் கூட்டம் என்று தெரிந்தும்.

ஜூலை 5, வியாழன்

மேகமூட்டம். புதுத் தொடர், அத். 1. ஆறு பக்கம் அண்ணியின் கிறுக்கல். ஏழாவது பக்கம் காலி. மேலே பென்சிலில்: ‘புருஷனைப் பார்த்ததும் இவள் மனநிலை. சரோ, நீயே பார்த்து எழுதிவிடு.’ எட்டிலிருந்து மறுபடி கிறுக்கல்.

பள்ளிக்குப் போகுமுன் நகல் முடித்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. ஏழாவது தாளில் 7 என்று எண் மட்டும் போட்டு, காலியாகவே நடுவில் வைத்து, உறை ஒட்டி, தபால் பெட்டியில் போட்டாயிற்று.