இரண்டாவது கட்டத்தில் ஒரு பெயர்

புதன்கிழமை காலை ஸ்டாஃப் ரூமில் உன் அலமாரியைத் திறந்தேன். குப்பென்று ஆரஞ்சு வாசனை. இரண்டு பழம், ஒரு கண்ணாடி ஜாடி, பக்கத்தில் உன் பாடத்திட்ட நோட்டு. திங்கட்கிழமை வகுப்புக்கு வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிட்டாய். ஞாயிறு பூசை முடிந்து சர்ச் படி இறங்கும்போதே சரிந்து விழுந்து இறந்துபோனாய். பழம்கூட இன்னும் வாடவில்லை. என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

"அவங்க சயின்ஸ் பீரியடை நீங்களே எடுங்க மிஸ்" என்றார் ஹெச்.எம். ஆறாம் வகுப்புக்கு நான்தானே வகுப்பாசிரியை.

அந்த நோட்டுக்காக உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் அதில் நிரப்ப இரண்டு கட்டம். பிள்ளைகள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது முதலாவது. அதை எந்த வார்த்தைகளில் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டாவதில் நாங்கள் எல்லோரும் "மாணவர்கள் ஆங்கிலத்தில் விடையளிப்பர்" என்று எழுதி, வெள்ளிதோறும் ஹெச்.எம்.மிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். பதினோரு வருஷமாக எனக்கு அதே வரிதான். நீ மட்டும் பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பாய். "பஸ் போயிடும்டீ, எதையாவது எழுது" என்பேன். "இரு, அதுங்க எப்படிச் சொல்லும்னு பார்க்கிறேன்" என்பாய்.

நீ கடைசியாக எழுதிய பக்கத்தில், முதல் கட்டம்: தோலோடு போட்ட ஆரஞ்சு மிதக்கும், உரித்தது மூழ்கும், தோலில் இருக்கும் காற்றே காரணம். இரண்டாவது கட்டத்தில்: "ஷபானா காரணம் சொல்ல வேண்டும். முதலில் வீட்டுப் பேச்சில். பிறகு 'பிகாஸ்' போட்டு ஆங்கிலத்தில்."

அதே ஷபானாவை ஆறாம் வகுப்பிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லி முந்தின வாரம்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். 'எதுவும் புரிவதில்லை' என்று காரணமும் போட்டிருந்தேன். "அவளைக் கொஞ்சம் பேச விட்டுப் பாரேன்" என்றாய். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கா?" என்று உன் வாயை அடைத்தேன்.

வகுப்பில் ஒரு பழத்தைத் தோலோடும் இன்னொன்றை உரித்தும் ஜாடித் தண்ணீரில் போட்டேன். நீ எழுதியபடியே ஷபானாவைக் கேட்டேன். "வீட்ல பேசற மாதிரி சொல்லும்மா."

அவள் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கும் புரிகிற உருதுவில் மடமடவென்று ஆரம்பித்தாள். பக்கத்து ஏரியா அடுகோடியில் அவள் அப்பாவுக்குப் பஞ்சர் கடை. டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினால் மேலே மேலே வருமாம். உள்ளே ஹவா, காற்று, இருக்கிறதாம். இந்தத் தோலிலும் அப்படித்தான் இருக்கும், உரித்தால் போய்விடும் என்றாள். கரும்பலகையில் 'பிகாஸ்' என்று எழுதினேன். "பிகாஸ் ஏர் இஸ் இன் த ஸ்கின், மிஸ்" என்றாள். ஒரு வருஷமாக என் எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளை.

மத்தியானமே ஹெச்.எம். அறைக்குப் போய், நிறுத்தி வைப்பவர்கள் பட்டியலில் அவள் பெயரை அடிக்கச் சொன்னேன். "போன வாரம் நீங்கதானே எழுதினீங்க?" என்றார்.

"ஆமா. தப்பா எழுதிட்டேன்."

இன்று வெள்ளி. என் நோட்டில் இரண்டாவது கட்டம் காலியாகவே இருக்கிறது. பழைய வரியை எழுதக் கை வரவில்லை. இந்தப் பதினோரு வருஷத்தில் நான் நிறுத்தி வைத்தவர்கள் எட்டுப் பேர். பெயர்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வருகின்றன. அவர்களில் யாருக்கெல்லாம் விடை தெரிந்திருந்தது என்று, நீ இருந்திருந்தால், உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.