பக்கத்து சீட்டுக்கு ஆள்

என் வீட்டுக்காரருக்கு,

நீங்களும் வண்டியும் மக்கர் பண்ணாமல் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மகளும் அவள் வீட்டில் நன்றாக இருக்கிறாள். போனில் சொல்லலாம் என்றால், நீங்கள் மேடு ஏறும்போது பாதி வார்த்தை போய்விடுகிறது, மீதிப் பாதியில் நாம் சண்டை போட்டுவிடுகிறோம். அதனால்தான் டெப்போ விலாசத்துக்கு எழுதுகிறேன். வண்டியை ஓரம் கட்டி, டீ வாங்கிக்கொண்டு, நிதானமாகப் படியுங்கள்.

நான் ட்ரெய்லர் லாரி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பள்ளிக்கூட பஸ் வேலையை விட்டுவிட்டேனோ என்று பயப்பட வேண்டாம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகப் பயிற்சி மைதானத்துக்குப் போகிறேன். சாயங்காலம் அவர்களை ஏற்றத் திரும்பிவிடுகிறேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், நானும் சரி என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டும் குறட்டைக்காரர் மாதக் கடைசியோடு நின்றுவிடுகிறார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அந்த சீட்டுக்கு நான் வர வேண்டும். புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து ஓட்டுகிறவர்கள் உங்கள் கம்பெனியிலேயே இருக்கிறார்களாம், விசாரித்துவிட்டேன். அதற்குள் நான் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள்.

போன தடவை வந்தபோது செருப்பை வாசல் ஓரமாக, முனை வெளியே பார்க்க விட்டுவிட்டு வந்தீர்கள், விருந்தாளி மாதிரி. சமையலறை விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று என்னைக் கேட்டீர்கள். கட்டிலில் தூக்கம் வரவில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினீர்கள். நீங்கள் போன பிறகு நான் அழுதேன். மகளுக்குக் கல்யாணமாகிப் போனதிலிருந்து எனக்குப் பேச்சுத்துணை அந்த ஃப்ரிட்ஜ்தான். அதுவாவது நடுநடுவே உறுமுகிறது. நீங்கள் போனில் அதுகூடச் செய்வதில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் நம் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். எதற்கெடுத்தாலும் மெதுவா, மெதுவா என்பதால் அவருக்கு மெதுவா மாஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டோம். அவருக்கும் தெரியும், சிரித்துக்கொள்வார். என்னோடு படிப்பது அழகு நிலையம் நடத்தி மூடிவிட்ட ஒரு பெண்மணி. பார்லர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். ஸ்டீயரிங் பிடிக்கும்போதுகூட அவர் நகப்பூச்சு உதிர்வதில்லை.

முன்னால் ஓட்டுவதில் எனக்குக் கஷ்டம் இல்லை. திருப்பத்தில் அகலமாகப் போனால்தான் லாரியோடு பூட்டிய பின்வண்டி நடைபாதையில் ஏறாமல் வரும் என்பது பஸ் ஓட்டிய கைக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ரிவர்ஸ்தான் உயிரை வாங்குகிறது. பின்வண்டி வலப்பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். இத்தனை வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது புதுசா என்று பார்லர் அக்காவிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

பதில் போடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நான்


என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேபினில் ரெண்டு பேருக்கு இடம் பத்தாது, வீட்டில் இரு என்று ஒரு வரி. அந்தக் குறட்டைக்காரர் என்ன, என்னைவிட ஒல்லியா? அவருக்கு இருந்த இடம் எனக்கு மட்டும் இல்லாமல் போய்விட்டதா? ரெண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று டெஸ்ட் இருந்தது. தேறவில்லை. எப்படித் தேறவில்லை என்று தெரிந்தால் உங்கள் டெப்போவே சிரிக்கும், அதனால் யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.

காலையில் எல்லாமே நன்றாகத்தான் போனது. டயரைத் தட்டிப் பார்த்தேன், பிரேக் காற்றுக்குழாயில் கசிவு இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன், பின்வண்டியைப் பூட்டிய பிறகு லேசாக இழுத்துப் பார்த்து, பூட்டு விழுந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டேன். ரிவர்ஸில்கூட, ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த ஒரு மஞ்சள் கூம்பும் சாயவில்லை. டெஸ்ட் எடுக்கும் அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டு வந்தார். பிறகு சாலைக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

மருந்துக்கடை திருப்பம் தாண்டியதும் ஒரு பஸ் ஸ்டாப். அங்கே நாலைந்து பிள்ளைகள், முதுகில் பை, ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இண்டிகேட்டர் போட்டு, அவ்வளவு நீள வண்டியை அலுங்காமல் கொண்டுபோய், பிள்ளைகளுக்கு நேராக நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தியதும் இல்லாமல், கதவு திறக்கும் நெம்புகோலைத் தேடிக் கையை நீட்டியிருக்கிறேன். அங்கே அது எங்கே இருக்கிறது, காற்றுதான் இருக்கிறது. பாட்டில்காரன் படி எங்கே என்று கீழேயிருந்து என்னைப் பார்க்கிறான். அதிகாரி, என்னம்மா, இவங்களையும் லோடு ஏத்திக்கப் போறீங்களா என்று கேட்டார். பஸ் ஸ்டாப்பில் காரணமில்லாமல் சரக்கு வண்டியை நிறுத்தினால் தேற முடியாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

மைதானத்துக்குத் திரும்பிய பிறகு மெதுவா மாஸ்டர் ஒன்றும் திட்டவில்லை. நிறுத்தினது அழகா நிறுத்தினீங்களாம்க்கா, இடம்தான் தப்பு என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. என் கை என்னைக் கேட்காமல் அந்தப் பிள்ளைகளுக்காக நின்றுவிட்டது. உங்கள் காலும் உங்களைக் கேட்காமல்தான் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறதோ என்று அப்போது தோன்றியது. வேண்டுமென்றே போகவில்லை, பழகிவிட்டது என்று நினைத்தபோது உங்கள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த டெஸ்டுக்கு மாதம் முடிவதற்குள்ளேயே தேதி கிடைத்துவிட்டது. அதில் தேறாவிட்டால் அந்த சீட்டு இன்னொருவருக்குப் போய்விடும், நான் பஸ்ஸோடும் ஃப்ரிட்ஜோடும் இருந்துகொள்வேன். ஒரு வரியாக இல்லாமல், உங்கள் மனசில் இருப்பதை எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் நீளமாகத் திட்டுங்கள்.

அன்புடன்,
நான்


என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நின்றுகொண்டு படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை.

மழையில் அந்த இறக்கத்தில் பின்வண்டி வழுக்கி, உங்களையே திரும்பிப் பார்ப்பது போல் பக்கவாட்டில் வந்ததை எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை, பெண்டாட்டி வீட்டில் இருக்கிறாள் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தீர்களாம். குறட்டைக்காரர் வேலையை விடுவதே அந்த இறக்கத்துக்குப் பிறகுதான் என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. எனக்கு இடம் பத்தாது என்று எழுதினீர்களே, இதைத்தான் அப்படி எழுதினீர்களா? நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு நான் இல்லாமல் இருப்பதுதான் சௌகரியம் என்றுகூட நினைத்தேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் வீட்டில் இருப்பதால் எனக்கு ஆபத்து இல்லை என்று யார் சொன்னது? இங்கே தூறல் போட்டால் போதும், நீங்கள் இருக்கும் ஊரில் மழையா என்று பார்க்கிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். பயம் எப்படியும் உண்டு. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பயந்தால் கையில் ஒரு பிரேக்காவது இருக்கும்.

மகளிடமும் சொன்னேன். அப்பாவும் நீயும் ஒரே வண்டியிலயா, ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைம்மா கூப்பிடுறது என்று கேட்டாள். தெரியலடி என்றுதான் சொன்னேன். கடைசியில் அவளே, அப்பாகூடப் போய் உக்காரும்மா, அவரு ஒழுங்கா சாப்பிடுறாரான்னாவது தெரியும் என்றாள்.

இரண்டாவது டெஸ்டில் தேறிவிட்டேன். நம் வீட்டில் முதல் ஆளாக உங்களுக்குத்தான் சொல்கிறேன், பார்லர் அக்காவுக்கு அப்போதே தெரியும், அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அதே அதிகாரி, அதே ஸ்டாப். இந்தத் தடவையும் பிள்ளைகள் நின்றார்கள். கண்ணாடியில் பார்த்தபடி, வேகம் குறைத்து, தாண்டிப் போனேன். தாண்டிய பிறகும் அவர்களைக் கண்ணாடியில் தேடினேன். அதிகாரி என் பக்கம் பார்த்துச் சிரித்தார். பள்ளிக்கூட வேலையை விட்டு, பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோதும் இப்படித்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நேற்று உங்கள் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். ஆள் போடும் அதிகாரி நன்றாகப் பேசினார். புது டிரைவர்களை முதலில் அனுபவப்பட்டவர்களோடுதான் அனுப்புவார்களாம். வடக்கு ரூட்டில் ஒரு பெண் டிரைவருக்குப் பக்கத்து சீட் காலியாம், அதற்கு என்னைப் போடலாமா என்று கேட்டார். இல்லையென்றால் உங்க வீட்டுக்காரர் வண்டியிலயே போட்டுடட்டுமா, நீங்க சொன்னா போதும் என்றார்.

நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை அவரையே கூப்பிட்டு, பக்கத்து சீட்டுக்கு யாரைப் போடலாம் என்று மட்டும் கேளுங்கள், என் பேச்சை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

நீங்கள் வேறு ஆளைச் சொன்னால் நான் வடக்கு ரூட்டில் போவேன். கோபப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கோபப்படுவேன், ஆனாலும் ஒழுங்காக ஓட்டுவேன். லைசென்ஸ் வாங்கியவள் இனிமேல் ஃப்ரிட்ஜோடு பேசிக்கொண்டிருக்க முடியாது.

எனக்காகப் பாவம் பார்த்துச் சொல்ல வேண்டாம். நம் கல்யாணத்தின்போது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள், என் வீட்டுப் பெரியவர்கள் சரி என்றார்கள். உனக்கு இவளைப் பிடித்திருக்கிறதா, இவளோடு இருப்பாயா என்று உங்களை உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. எனக்கு இப்போது யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்பதை இந்த மூன்று கடிதத்திலும் எழுதிவிட்டேன்.

நீங்கள் போகிற வழியெல்லாம் தரை காய்ந்திருக்கட்டும். உடம்பும் கண்ணும் நன்றாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை உங்களைத்தான் கேட்பார்கள். யோசித்து, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

அன்புடன்,
நான்