இரண்டு அரசுகள் பேசிய பிறகு

அரியாலை, செவ்வாய் இரவு

இன்று மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வெளிநாட்டு வேலைப் பிரிவு அதிகாரி அம்மா என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கதைத்தார். குவைத் அரசோடு எங்கள் அரசு பேசி முடித்துவிட்டதாம். விசா முடிந்தும் அங்கே நிற்பவர்களை வழக்கில்லாமல் அனுப்பச் சம்மதித்திருக்கிறார்களாம். பட்டியலில் என் கணவரின் பெயரும் இருந்தது.

அவர் போய் ஏழு வருடம். முதலாளி கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டதால் வர வழியில்லாமல் ஒளிந்து வேலை செய்கிறார். போன மாதம் எங்கள் அமைச்சர் அங்கே போன படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு, "உவை விருந்து சாப்பிடத்தான் போகினம்" என்று சொன்னவள் நான். அந்தப் பயணத்தில்தான் எங்கள் விஷயமும் பேசப்பட்டிருக்கிறது. நினைக்க வெட்கமாக இருந்தது.

பின்னேரம் அவருக்குப் போனில் சொன்னேன்.

"உண்மையே? திரும்ப ஒருக்காச் சொல்லும்" என்றார். மூன்று தரம் சொன்னேன். எப்போது விமானம் என்று எனக்கும் தெரியாது.

மகள் அவர் போன பிறகு பிறந்தவள். போனில் முகம் மட்டும் பார்த்தவள். படுக்கப் போகும்போது கேட்டாள்.

"அம்மா, அப்பா உங்களைவிட உயரமோ?"

"ஓம், நல்ல உயரம்."

"எவ்வளவு எண்டு காட்டுங்கோ."

எழுந்து நின்று என் தலைக்கு மேலே கையை உயர்த்தினேன். சற்று இறக்கினேன். திரும்ப உயர்த்தினேன். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.