போர்த்திய பிள்ளையின் மூச்சு

இன்று காலை பயிற்சிப் பெட்டியைத் திறந்ததும் வசம்பு மணம் எழுந்தது. ரப்பர் பொம்மைக் குழந்தையைப் போர்த்த நீ கொண்டுவந்த துணிகள், உன் மகன் பிறந்தபோது சுற்றியவை. எத்தனை முறை துவைத்தும் மணம் போகவில்லை. மண்டபத்தில் நேபாளம், பூட்டான், மாலைதீவு நாடுகளின் தாதியர் காத்திருந்தார்கள். நம் மாத்தளைக்குப் படிக்க வந்திருக்கிறார்கள்! உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் இருவரும் மாணவிகளாக இருந்த முதல் பயிற்சியில், வெளிநாட்டு டொக்டர் பொம்மையை வெறும் மேனியாகக் கிடத்தினார். "மார்பைப் பாருங்கள். மூச்சு வேகமாக இருக்கிறதா? விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா?" என்றார். நீ என் காதைக் கடித்தாய்: "எங்கட ஊர்ல எந்தப் புள்ள இப்பிடி வருது? இரத்தோட்டை மலைக் குளிர்ல இருந்து பஸ்ஸுல வார புள்ளைய துணிக்குள்ள தேடித்தான் பிடிக்கணும்."

மறுநாள் பொம்மைக்குத் தொப்பி, காலுறை, போர்வைக்கு மேல் போர்வை. அதை இறுக்கி அணைத்துக்கொண்டு தாயாகவே மாறி நின்றாய். தாதி நான்.

"தொறக்க ஏலாது மிஸ்! காத்து அடிச்சிரும். எங்க மாமி என்னைய உசிரோட விட மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போர்வையைப் பிடித்து இழுத்தேன். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான். பட்டம் வந்தது, வாய் வரவில்லை. நோன்பு நாளிலும் வாய் ஓயாத நீ விடுவாயா?

"என்ன புள்ள, ஊமையா? உள்ளுக்க மூச்சு முட்டிக் கெடக்கு. கேளு!"

"நீங்களே மடியில வச்சுக்கிட்டு நெஞ்சை மட்டும் கொஞ்சம் காட்டுறீங்களாம்மா?"

உடனே திறந்தாய். "இப்பிடிக் கேட்டா எவ தரமாட்டா?"

அது நம் பாடமாயிற்று. பயிற்றுநர் தேர்வுக்கு அதையே நடத்திக்காட்ட இருவரும் காத்மண்டு போவதாக இருந்தது. தேறினால் வெளிநாட்டுத் தாதியரும் படிக்கும் பயிற்சி நிலையம் மாத்தளைக்கு வரும். தவறினால் வேறு ஊருக்குப் போய்விடும். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். உன் வீட்டுக்காரர் விடவில்லை. "தங்கச்சி, நீங்க போகாட்டி அவ கனவுல வந்து ஏசுவா" என்றார்.

அங்கே மேடையில், தாயாக நடிக்க யாராவது வாருங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. பரீட்சகர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பொம்மையை நானே வாரி எடுத்தேன். "தர மாட்டேன்! காத்து அடிச்சிரும்!" தமிழில்தான் கத்தினேன். கென்யாவைச் சேர்ந்த ஆறடி டொக்டர் ஒருவர் எழுந்துவந்து கையை நீட்டினார். முதுகைக் காட்டினேன். கெஞ்சினார், மிரட்டினார். கடைசியில் என் காலடியில் குந்தி, நீங்களே காட்டுங்கள் அம்மா என்பதுபோல் தம் நெஞ்சைத் தொட்டார். திறந்தேன். மண்டபமே கைதட்டியது. "எங்கள் தீவில் குளிரே இல்லை, ஆனால் போர்த்தச் சொல்லும் மாமியார் இருக்கிறார்" என்றாள் ஒரு மாலைதீவுப் பெண். பரீட்சகர்களும் சிரித்துவிட்டார்கள். நாம் தேறிவிட்டோம்.

இன்று பாடம் முடிந்து கிளினிக்குக்குப் போனோம். இரத்தோட்டைத் தாய் ஒருத்தி பொதிபோல் குழந்தையைச் சுற்றி வைத்திருந்தாள். பரிசோதிக்கப் போன நேபாளத் தாதிக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. நான் குறுக்கிடவில்லை. அவள் பிள்ளையைப் பறிக்கவில்லை. அருகில் குந்தினாள், தன் பாஷையில் ஏதோ கேட்டபடி நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், காத்திருந்தாள். தாய் ஒவ்வொரு துணியாகத் தானே விலக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உடனே வார்டில் சேர்த்து ஒட்சிசன் கொடுத்தோம், மருந்து ஏற்றினோம். பொழுது சாயும் நேரம் குழந்தை பால் குடித்தது.

தாய் என் கையைப் பிடித்தாள். "அந்த மிஸ் என்ன பாசைங்க பேசுனாங்க? எனக்கு எல்லாம் வெளங்குச்சே!"

"அது என் கூட்டாளியோட பாசைங்க" என்று உரக்கச் சொன்னேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் தலைகுனியவில்லை.